நாலாவது காம்பு

மடிநோய்க்கு என்ன மருந்து என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு. மூன்றையும் சேர்த்து அரைத்து மடியில் பூச வேண்டியதுதான் என்பார்கள். பீடிக் கடையில் நிற்கிறவர் சொல்வார், கைரிக்‌ஷா இழுக்கிறவர் சொல்வார், மாட்டை எட்ட நின்றே பார்த்தவர்களும் சொல்வார்கள். சரி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை பூச வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அப்போது எல்லோருக்கும் அவசரமாக வேறு வேலை வந்துவிடும். மருந்தில் ரகசியமே இல்லை. பூசுகிற கைதான் கிடைக்காது. இதை நான் இருபது வயதில், கைக்குழந்தைக்காரியாக, ஒரு செவலைப் பசுவின் காலடியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில் இருந்தோம். சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். அரிசி இன்னும் ரேஷனில்தான் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு முன்னால் ரயில் பாதை, பின்னால் இரண்டு தெரு தாண்டினால் கடல். என் கணவர் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினார். மாமியார் இரண்டு மாடு வைத்திருந்தார். ஒன்று கிழட்டுக் கறுப்பு. கன்று போட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகி, ஏதோ கொஞ்சம் கறந்துகொண்டிருந்தது. இன்னொன்று செவலை. வீட்டுப் பிழைப்பில் பாதி அதன் மடியில் இருந்தது. என் குழந்தையின் பிழைப்பு முழுக்கவே அதன் மடியில்தான்.

என் குழந்தை ஏன் பசும்பாலில் வளர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கப்பட்டதெல்லாம் போதும். தலைப்பிரசவம் ராயபுரத்தில், என் அம்மா வீட்டில். பத்தாம் நாள் இடது மார்பில் பால் கட்டிக்கொண்டது. தொட்டால் கல்லாக இருந்தது, சுட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே அறை வீட்டில் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் இருக்கும்போது எதைச் சொல்வது? தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, வலிக்காத பக்கத்திலேயே குழந்தையைப் போட்டேன். நாலாம் நாள் காய்ச்சலில் பிதற்றினேனாம். அதற்கப்புறம்தான் பெண்களுக்குத் தெரிந்தது. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். பிள்ளை பால்குடி மறக்கும்போது பால் வற்றுவதற்குக் கட்டுகிற பூ அது. உள்ளே சீழ் பிடித்ததற்கு அது என்ன செய்யும், பாவம். கடைசியில் ஆஸ்பத்திரியில் கத்தி வைத்தார்கள்.

கட்டுப் போட வந்த நர்ஸ் என்னைத் திட்டினாள். “ஏம்மா நாலு நாள் மூடி வெச்சிருந்தே? வலிச்சாலும் பிழிஞ்சு பிழிஞ்சு வெளியே எடுத்திருந்தா கத்தியே வேண்டாமே” என்றாள். அந்த வார்த்தை என் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. இடது பக்கம் அத்தோடு நின்றுபோயிற்று. வலது பக்கமும் கொஞ்ச நாளில் குறைந்தது. மூன்றாம் மாதம் நோஞ்சான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்கு வந்தேன். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. செவலையின் பாலில் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சி, பாலாடையில் ஊற்றிப் புகட்டினார். குழந்தை தேறியது. மார்பு விஷயத்தில் மட்டும் அவர் என்னை ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. மற்ற எல்லா விஷயத்திலும் காட்டினார்.

அந்தக் காலத்தில் பாலை வீட்டிலேயே கறந்து தூக்கிக்கொண்டு போனால் ஒருவரும் வாங்க மாட்டார்கள். தண்ணீர் கலந்தது என்பார்கள். மாட்டையும் கன்றையும் வாசல் வாசலாக ஓட்டிக்கொண்டு போய், வெறும் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, வீட்டுக்காரி கண்ணெதிரே கறந்து கொடுக்க வேண்டும். அதனால் எங்கள் கொட்டகையில் பால் கறப்பது என்பதே கிடையாது. மடியில் இருப்பதெல்லாம், என் குழந்தைக்கான பால்கூட, அடுத்தவர் வாசலில்தான் வெளியே வரும். செவலைக்கு வந்த வினைக்கு இந்த வழக்கம்தான் காரணம்.

ஒரு திங்கட்கிழமை மாமியார் தண்டையார்பேட்டையில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் செவலையை ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் வாசல் ஒரு குமாஸ்தா வீடு. கன்றை அவிழ்த்துவிட்டேன். அது மூன்று காம்பையும் சப்பிவிட்டு, பின்பக்கத்து இடது காம்பை முகர்ந்து பார்த்து விலகிக்கொண்டது. கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டு நான் அந்தக் காம்பில் கை வைத்தேன். சுட்டது. அதற்கு மேலே மடி இறுகிக் கிடந்தது. செவலை காலை உதறியது.

குமாஸ்தா வீட்டம்மாள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தக் காம்பை விட்டுடேன். உங்க மாமியார் நாலு நாளா அதைத் தொடறதே இல்லை. வீட்டுக்குன்னு ஒதுக்கி வெச்சுக்கறீங்களாக்கும்” என்று சிரித்தாள்.

காம்பை உள்ளங்கையில் பிழிந்து பார்த்தேன். மஞ்சள் தண்ணீர் வந்தது. அதில் திரிந்த பால் மாதிரித் துணுக்குகளும் ஒரு இழை ரத்தமும் இருந்தன. என்ன செய்தேன் தெரியுமா? அந்த அம்மாள் பார்ப்பதற்குள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். “இன்னிக்கி மாட்டுக்கு ஒடம்பு சொகமில்லம்மா” என்று முனகிவிட்டு, ஒரு சொட்டும் கறக்காமல் வீட்டுக்குத் திருப்பினேன். வழியெல்லாம் எனக்கு என் இடது மார்பு வலித்தது. பொய்யில்லை, வலித்தது.

மாமியார் சாவு வீட்டிலிருந்து வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்காரும் வரை பொறுத்திருந்தேன். அதுவே எனக்குப் பெரிய பொறுமை.

“அத்தே, எத்தினி நாளா நாலாங்காம்ப கறக்காம வுட்டுகினு கீறே?”

“வீங்கிகினு கீது. கைய வெச்சா ஒதைக்குது. நாலு நாளு சும்மா வுட்டா தானா அடங்கும்னு வுட்டேன்.”

“வூட்டுலயாவது பீச்சி கீய ஊத்திருக்கலாம் இல்ல?”

“பாலக் கீய ஊத்தறதா? லட்சுமிடி அது.”

“பாலு இல்ல அத்தே. சீயி. உள்ளாற வெச்சிகினு அது செத்துகினு கீது.”

மாமியார் ஈரத் தலையை முடிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. “வாசல்ல பீச்சினா கட்டி கட்டியா வரும். ஒருத்தி பாத்தா போதும், தெருவு பூரா பேசுவாளுங்க. மூணு காம்பு மாடுன்னு பேரு வந்துட்ச்சின்னா எவ வூட்டு வாசல்லயும் நிக்க முடியாது. சனிக்கெயம தரகு வரான். கறுப்பப் பாக்கத்தான் வரான். அப்டியே இத்தயும் ஓட்டிகினு போவட்டும்” என்றார்.

காம்பு போன மாட்டை வாங்குகிறவர் கறப்பதற்காக வாங்க மாட்டார். அது எங்கள் தெருக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளையைப் பிழைக்க வைத்த மடி. மூடி வைத்து மூடி வைத்து அதைக் கெடுத்தது நாம், போவது அதுவா?

“சனிக்கெயம வரிக்கும் அது என்னுது. நீ கிட்ட வராதே” என்றேன். மாமியாரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பண்ணிக்கோ. எனுக்கு இன்னா?” என்று உள்ளே போய்விட்டார்.

வேப்பேரியில் மாட்டாஸ்பத்திரி இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் காய்ச்சலில் நிற்கிற மாட்டை அத்தனை தூரம் வெயிலில் நடத்தினால் அது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராது. கையில் இருப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ரயில் வேலியை ஒட்டி மணலில் கற்றாழைப் புதர் ஒன்று இருந்தது. தடித்த மடலாக அறுத்துக்கொண்டு வந்தேன். கணவர் கம்பெனியிலிருந்து வரும்போது விரலி மஞ்சள் வாங்கி வந்தார். சுண்ணாம்புக்கு எண்ணூரில் கிளிஞ்சல் சுட்டு விற்கிறவர் வண்டி அன்று காலைதான் தெருவில் போயிருந்தது. வெள்ளையடிப்பதற்கென்று ஒரு சட்டி நிறைய வாங்கி மூலையில் வைத்திருந்தோம்.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். சுண்ணாம்பு ஒரு கொட்டைப் பாக்களவு போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. நோய் பெரிசு, நாளோ ஐந்துதான், மருந்து உறைப்பாக இருந்தால் சீக்கிரம் கேட்கும் என்று நானே முடிவு கட்டினேன். சூளையிலிருந்து வந்த சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றித் தாளித்து ஆறவைக்காத பச்சைச் சுண்ணாம்பு. அதில் ஒரு பிடி அள்ளி அம்மியில் போட்டேன். மஞ்சளோடு சேர்ந்ததும் விழுது செங்கல் நிறத்துக்கு வந்தது. அம்மி லேசாகச் சூடானது. குழவி வேகம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே ஒரு சட்டியில் வழித்துக்கொண்டு போய் மடியில் அப்பினேன்.

செவலை அலறிய அலறலில் பக்கத்து வீட்டு ஆள் ஓடி வந்தான். விட்ட உதையில் நான் சாணிக் குழியில் போய் விழுந்தேன், சட்டி உடைந்தது. தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவினேன். காம்பைச் சுற்றித் தோல் சிவந்து, இரண்டு இடத்தில் கொப்புளித்துவிட்டது. ஏற்கெனவே புண்ணாக இருந்ததை நான் வேறு வேக வைத்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாட்டைப் பார்த்து அழுதேனா, மாமியார் பார்க்கிறாரே என்று அழுதேனா, இரண்டும்தான்.

மாமியார் வந்து அம்மியைத் தொட்டுப் பார்த்தார். “வூட்டுக்கு வெள்ளையடிக்கிற சுண்ணாம்ப எத்துகினு வந்து மடிக்கு வெள்ளையடிச்சிகினு கீறியே, உனுக்கு மெய்யாலுமே புத்தி கீதா?” என்று ஆரம்பித்து, என் அம்மா, ராயபுரம், என்னைப் பெண் பார்க்க வந்த நாள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அன்று ராத்திரி வெகுநேரம் வரை தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, எண்ணெய்க் கையோடு அந்தக் காம்பை மெதுவாகப் பீச்சிக்கொண்டே இருந்தேன். கீழே ஒரு கொட்டாங்கச்சியைப் பிடித்து, வந்ததை எல்லாம் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மூடினேன். கன்றைச் செவலையிடம் விடவில்லை. குழந்தைக்குக் கறுப்பின் பால். நல்ல மூன்று காம்புப் பாலையும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதுவும் குழிக்குத்தான் போயிற்று. திங்கட்கிழமை அப்படி முடிந்தது. ஐந்து நாளில் ஒன்றை நானே தொலைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் அம்மியைக் கழுவப் போனேன். அம்மி மேல் மாமியாரின் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பி இருந்தது. அந்த டப்பியை அவர் யாரையும் தொட விடமாட்டார். இடுப்பை விட்டு இறக்கியதையே நான் பார்த்ததில்லை. தாளித்து, தெளியவைத்து, பல நாள் பழகிய வெண்ணெய்ச் சுண்ணாம்பு. ஆள் அங்கே இல்லை. நான் பாக்களவு மட்டும் எடுத்துக்கொண்டு மூடி வைத்தேன்.

அன்றைக்கு அரைத்த விழுது நல்ல சிவப்பாக வந்தது, சூடு இல்லை. முழங்கையில் தடவிப் பார்த்தேன், எரியவில்லை. அதற்குப் பிறகே மாட்டிடம் போனேன். காலையில் ஒரு கையளவு விழுதைத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்வேன். முதலில் மடியைக் கழுவ வேண்டும். அப்புறம் கெட்டதைப் பீச்சி எடுக்க வேண்டும். மறுபடி கழுவி, ஈரம் ஒற்றி, மடி முழுக்கப் பூச வேண்டும். பத்து தடவை. என்னிடம் கடிகாரம் கிடையாது. கம்பெனிச் சங்கு ஊதினால் ஒன்று. கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற ரயில் கடந்தால் ஒன்று. அது திரும்பினால் ஒன்று. குழந்தை தூங்கினால் ஒன்று, எழுந்தால் ஒன்று, உலை வைத்துவிட்டு ஒன்று. நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனால் இன்னொன்று சேர்த்துப் பூசிவிடுவேன்.

தெருவில் கிண்டல் கிளம்பிவிட்டது. செவலையின் மடியும் தொடையும் மஞ்சளும் சிவப்புமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “இன்னாமே, மாட்டுக்கு மஞ்ச தண்ணியா? எங்களுக்குச் சொல்லவேயில்ல” என்று கேட்டார்கள். என் கையும் முழங்கை வரை மஞ்சள்தான். கணவர் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டில் நான் வைத்த சோற்றையும் என் விரலையும் பார்த்தார்.

“ஒரு மாட்டுக்கா இத்தினி பாடு? எங்கம்மா சொல்றா மாரி வுட்டுட்டா இன்னா?” என்றார்.

“என்னிய வுட்டுட்டாங்க இல்ல, அந்த மாரியா?” என்று கேட்டேன். மனிதர் மறுநாள் கேட்காமலே மஞ்சள் வாங்கிவந்தார். அவர் நல்லவர்தான், சண்டை நடக்கிற பக்கம் மட்டும் வரமாட்டார்.

புதன்கிழமை காய்ச்சல் இறங்கவில்லை. செவலை தீனி எடுக்கவில்லை. பீச்சினால் துணுக்கு முன்னைவிட அதிகமாக வந்தது. உள்ளே இருப்பது கரைந்து வெளியே வருகிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன், நிச்சயமாகத் தெரியாது. எலுமிச்சம்பழத்தைப் பாதி பாதியாக நறுக்கி அதன் வாயில் திணித்தேன். அதுவும் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். செவலை என்னைப் பார்த்த பார்வையில் பாசம் ஒன்றும் இல்லை. நான் வந்தாலே காலைத் தூக்கியது. திங்கட்கிழமை சூடு அதற்கு மறக்கவில்லை. உதைத்தால் உதை என்று நெற்றியை அதன் விலாவில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்து பீச்சினேன். வலது முழங்கால் கன்றிப்போயிற்று.

வியாழக்கிழமை கற்றாழைக்குப் போனால் வேலியோரம் சுத்தமாக இருந்தது. பாதையைத் துப்புரவு செய்கிறவர்கள் புதரை வேரோடு வெட்டி எறிந்திருந்தார்கள். வெயிலில் கிடந்து மடலெல்லாம் சுருண்டிருந்தது. சுற்றுப்பட்டில் வேறு எங்கும் இல்லை. கை பிசைந்துகொண்டு திரும்பி வந்தவள் எங்கள் வாசலில் நிமிர்ந்து பார்த்தேன். நிலைக்கு மேலே திருஷ்டிக்காகத் தலைகீழாகக் கட்டின கற்றாழை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மண்ணும் தண்ணீரும் இல்லாமலே பச்சையாக, கொழுகொழுவென்று இருந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அப்படி ஒன்று தொங்கும்.

ஸ்டூலைப் போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தேன். மாமியார் ஓடி வந்தார்.

“அடிப் பாவி, ஊரு கண்ணு பூரா அதுல கீதுடி! அத்த அரச்சி மாட்டு மேல பூசினா இன்னாத்துக்கு ஆவும்?”

“ஊரு கண்ணுக்குப் பயந்துதானே அத்தே நாலு நாளு மூடி வெச்சே? அத்தவிட இன்னா பெருசா வந்துடப் போவுது?”

அவர் முகம் மாறிற்று. அது சுட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சொல்லியிருக்க வேண்டாம் என்றும் தோன்றியது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நான் அப்படிப்பட்டவள்தான்.

எங்கள் வீட்டுக் கற்றாழை அரை நாளைக்குக்கூடப் போதவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்கடுத்த வீட்டில், “எங்க வூட்டு திருஷ்டிய எத்துகினு போறியா, சோக்கா எத்துகினு போ” என்று சிரித்துக்கொண்டே அறுத்துக் கொடுத்தார்கள். கடலோரத் தெருவில் மீன் விற்கிற பெண்கள் ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. இரண்டு வீட்டில் நான் கேட்பதற்கு முன்பே ஏறி அறுத்துப் போட்டார்கள். மடி நிறையக் கட்டிக்கொண்டு வந்தபோது மாமியார் அம்மியின் முன் உட்கார்ந்து மஞ்சள் தட்டிக்கொண்டிருந்தார். நான் கற்றாழையைப் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் எடுத்துத் தண்ணீரில் மூன்று முறை முக்கி, ஏதோ முணுமுணுத்து, மஞ்சள் பால் வடியவிட்டு, அப்புறம் நறுக்கினார். அன்று மாலை முதல் அரைப்பது அவர், பூசுவது நான்.

வெள்ளிக்கிழமை காலையில் செவலை புல்லை இழுத்தது. காதைத் தொட்டேன், சூடில்லை. மடியில் விரலை அழுத்தினால் உள்ளே போயிற்று. பகல் ரயிலுக்குப் பீச்சியபோது தண்ணீர் நின்று பால் மாதிரி வந்தது. துணுக்கு இருந்தது, ஆனால் எண்ணிவிடலாம். நான் மாமியாரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, மறுநாள் கெட்டுப்போனால் என் மானம் போய்விடும். பத்து தடவையும் பூசி முடித்தேன்.

சனிக்கிழமை தரகர் வந்தார். மஞ்சள் பூசிக் கிடந்த செவலையைச் சுற்றி வந்து, வாலைத் தூக்கிப் பார்த்து, மடியில் கை வைத்தார். செவலை நகராமல் நின்றது. அவர் நாலாவது காம்பைப் பிடித்து இழுத்தார். வெள்ளையாக ஒரு பீச்சல் அவர் வேட்டியில் தெறித்தது.

“இன்னாம்மா வெளையாடறியா? கறக்கிற மாட்டக் காட்டி என்னிய எதுக்கு இட்டாந்தே?” என்று மாமியாரைக் கேட்டார்.

“உன்னிய யாரு இதும்மேல கை வெக்கச் சொன்னது?” என்று மாமியார் அவர் மேலேயே பாய்ந்தார். “கறுப்பத்தான் பாக்க வரச் சொன்னேன். அத்தயும் இப்ப குடுக்கறதா இல்ல. போ, போய் வேற வூட்டப் பாரு.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். மாமியார் குனிந்து தன் உள்ளங்கையில் இரண்டு பீச்சுப் பீச்சி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு துணுக்குதான். அதைக் கழுவிவிட்டு, “நிறுத்திடாதே. இன்னும் ரெண்டு நாளு பூசு” என்றார். பாராட்டு அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

துணுக்கு முழுக்க நின்று, அதற்கு மேலும் சில நாள் பொறுத்திருந்து, பிறகுதான் செவலையை வாசல்களுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். இருவரும் போனோம். மாமியார் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். குமாஸ்தா வீட்டு வாசலில், நான் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, ஒரு கறுப்புத் துணியை விரித்தேன். நாலாவது காம்பை முதலில் பிடித்து அதில் பீச்சினேன்.

“பாரும்மா. இது மடிநோயில கெடந்துது. நீங்க சொன்னப்பவே கெட்டுகினுதான் இருந்துது, நாங்க மறைச்சோம். இப்ப சொகமாயிட்ச்சி. இனிமே தெனம் இப்டித்தான் துணியில காட்டிட்டுக் கறப்பேன். இஸ்டம்னா வாங்குங்க.”

மாமியார் கயிற்றை இறுக்கிப் பிடித்தது எனக்குத் தெரிந்தது. குமாஸ்தா வீட்டம்மாள் துணியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று சிடுசிடுத்துவிட்டுப் பாத்திரத்தை நீட்டினாள். அந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் எங்களை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் துணியைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். நாலு மாதம் கழித்து, வேறு மாட்டுக்காரர்களிடமும் துணி எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதனால் எங்களுக்குத் தெருவில் நாலு விரோதிகள் சேர்ந்தார்கள்.

மூன்று வருஷம் போயிற்று. இரண்டாவது பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்குப் போகவில்லை, திருவொற்றியூரிலேயே இருந்துவிட்டேன். பையன் பிறந்தான். ஐந்தாம் நாள் வலது பக்கம் கனத்தது. இருந்த ஒரே பக்கம் அது. மறுநாள் கட்டி தட்டுப்பட்டது, சுட்டது. ஒரு மாட்டுக்காக ஊரையே எதிர்த்தவள், தெரு வாசலில் உண்மையைப் போட்டு உடைத்தவள், என்ன செய்தேன் தெரியுமா? தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அதே வெட்கம். எனக்கே என் மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் வாய் வரவில்லை.

கம்பெனிச் சங்கு ஊதியது. கணவர் போய்விட்டார். மாமியார் உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கையில் வெதுவெதுப்பான தண்ணீரும் துவைத்த துணியும் ஒரு கிண்ணமும் இருந்தன. பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துத் தலைப்பிலிருந்து விலக்கினார்.

“எத்தினி நாளா மூடி வெச்சிகினு கீறே?” என்று கேட்டார்.

நான் அழுதுகொண்டே ஒரு விரலைக் காட்டினேன்.

“ஒண்ணுதானா? அப்ப பயமில்ல” என்று துணியை நனைத்துப் பிழிந்தார். “மாட்டுக்கு நீ பத்து தபா பண்ணே. உனுக்கு நான் பண்ண மாட்டேனா? பல்லக் கடிச்சிக்கோ. ஒதைக்கணும்னா ஒதை.”

வெளியே ரயில் போயிற்று. அது திரும்பி வந்தபோது மறுபடி கதவைச் சாத்தினார். அன்று அவர் பத்து தடவையும் வந்தார். அதற்கடுத்த மூன்று நாளும் வந்தார். கத்தி வேண்டியிருக்கவில்லை. என் பையன் ஒன்றரை வயது வரை என் பால் குடித்தான்.